பச்சைக்குக் கீழே சிவப்பு இல்லை

உம்முடைய எஞ்சின் ஸ்டாண்டை இன்று காலை சுரண்ட ஆரம்பித்தேன். பழைய பெயிண்ட் உரியும்போது வருகிற கசப்பு வாசனை உமக்குத் தெரியும். மூக்கில் ஏறி நாக்கில் உட்கார்ந்துகொள்ளும், அதற்கப்புறம் டீ குடித்தாலும் பெயிண்ட்தான் குடிக்க வேண்டும். கால்களில் பச்சைக்குக் கீழே சிவப்பு வந்தது. கழுத்திலும் சிவப்பு வந்தது. பூட்டுப் பின்னைச் செருகுகிற இரும்புக் காதில் மட்டும் வரவில்லை. பச்சை உரிந்ததும் நேராக உலோகம், அதுவும் மஞ்சளாக.

சுரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவாமலே இதை எழுதுகிறேன். நீர் போன ஆவணியில் போய்ச் சேர்ந்துவிட்டீர், படிக்கப் போவதில்லை. ஆனாலும் உம்மைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் அது கோள் மூட்டுவதாக ஆகிவிடும். என் இடது கையில் இரண்டு விரல் போனதும், ஊரில் என் பெயர் போனதும் என் தப்பால்தான் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அப்படி இல்லை என்று இன்று காலைதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் விக்கிரமசிங்கபுரத்தில், மில் சங்கு காதைத் துளைக்கிற தூரத்தில், ஒரே தகரக் கொட்டகையில் நாம் இருவரும் பிழைத்தோம். கிழக்குப் பாதி உமது வெல்டிங், மேற்குப் பாதி என் மெக்கானிக் வேலை. நமக்கு வந்ததெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கார்கள். பெரிய வீடுகளின் பின்கட்டில் கோழி அடைந்து கிடந்தவை. அந்த எஞ்சின்களை இறக்கி லாரி டயர் மேல் வைத்துக் குந்தி உட்கார்ந்து வேலை பார்ப்பேன். அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் மூன்று பேர் சேர்ந்து புரட்ட வேண்டும். முதுகு விட்டுப்போகும்.

மாஞ்சோலையில் எஸ்டேட்டின் பழைய லாரிக் கொட்டகையில் ஓர் எஞ்சின் ஸ்டாண்டு கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர் நீர்தான். மறுநாளே மலை பஸ்ஸில் ஏறினோம். கொட்டகையில் தேயிலைச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. வார்ப்பிரும்பு உடம்பு, இரும்புச் சக்கரம், எஞ்சினை மாட்டிச் சுற்றிவிடுகிற வட்டத் தட்டு. தட்டைச் சுற்றிலும் ஓட்டைகள். கழுத்தில் ஒரு காது, அதிலும் ஓர் ஓட்டை. இரண்டையும் நேராக்கிப் பின்னைச் செருகிவிட்டால் எஞ்சின் எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் அசையாமல் நிற்கும். தொட்டால் கை முழுக்கத் துரு. எனக்கோ பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்துப்போன மாதிரி இருந்தது.

“பைய, பைய. சக்கரத்தைப் பிடியும் வே,” என்று நீர் அதட்ட, பஸ்ஸின் தலையில் அதை ஏற்றினோம். “அண்ணாச்சி, இது என்ன பீரங்கியா? இதுக்கு ஆள் டிக்கெட்டா, சாமான் டிக்கெட்டா?” என்று கண்டக்டர் கேட்டார். “உக்கார இடம் கொடுத்தா ஆளு, மேல கிடந்தா சாமான்,” என்றீர். மணிமுத்தாறு இறங்கும் வரை அந்த பஸ் சிரித்துக்கொண்டே வந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

இரண்டு மாதம் அதன் மேல் கிடந்தோம். துருவை எடுத்தோம். இறுகிப்போன தட்டை மண்ணெண்ணெய் விட்டு விட்டுச் சுற்ற வைத்தோம். காதில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தது நான். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிப் பார்த்தேன். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியில் முடி அளவுக்கு ஒரு கோடு ஊறியது. வார்ப்பிரும்புக்குக் கரண்டு வெல்டிங் ஆகாது என்பதை உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேஸில் பைய சூடேற்றி, பித்தளைக் கம்பியை உருக்கிப் பிடித்து, சாம்பலில் புதைத்து நாலைந்து மணி நேரமாவது ஆற விட வேண்டும். இல்லாவிட்டால் பிடித்த மாதிரி நடித்துவிட்டு ஒரு நாள் கைவிடும்.

மறுநாள் நான் வந்தபோது உமது பக்கத்து மூலையில் ஒரு சாம்பல் குவியலைக் காட்டினீர். “பொதச்சு வச்சிருக்கேன். நாளைக்கு எடுத்துக்கிடலாம்,” என்றீர். நான் அதில் கையை வைத்துச் சூடு பார்க்கவில்லை. உம் வாய் வார்த்தை போதுமென்று என் வேலையைப் பார்க்கப் போனேன். பிறகு சிவப்பு ஆக்சைடு ஒரு கை, அதன் மேல் பச்சை இரண்டு கை. கடைசிக் கையை நான்தான் அடித்தேன்.

முதல் எஞ்சின் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் அப்பா ஓட்டிய கார். காலை பத்து மணி இருக்கும். எஞ்சினை மாட்டித் தலைகீழாகத் திருப்பி, பின்னைப் போட்டு, அடித்தட்டின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் புரண்டு வந்தது. என் இடது கை நடுவில் இருந்தது. தட்டிலிருந்து கழன்று விழுந்ததில் எஞ்சினின் கால் ஒன்று உடைந்தது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு மாற்றுக் கால் எந்தக் கடையிலும் கிடையாது.

உமது துண்டைக் கிழித்து என் கையைக் கட்டினீர். வாசலில் நின்ற டாக்சியில் என்னை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர். நீர் கூட வரவில்லை. “இதை ஒதுக்கிட்டுப் பின்னாலயே வாரேன்,” என்றீர். சாயங்காலம்தான் வந்தீர், தூக்குவாளியில் கஞ்சியோடு. ஊட்டிவிட்டது நீர்தான். அப்போது உமது நகக் கண்ணில் பச்சை இருந்தது. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கஞ்சி முடிந்த பிறகு சொன்னீர்.

“பின்னைப் போடாம விட்டுட்டீரே வே.”

“போட்டேன்னுதான் நெனைக்கேன்.”

“பின்னு சங்கிலியில தொங்குது. காது முழுசா இருக்கு. நான் பாத்துட்டுத்தானே வாரேன்.”

உம் குரலில் கோபம் இல்லை. அவ்வளவு வருத்தத்தோடு சொன்னீர். அதனால்தான் நம்பினேன்.

பின்னைப் போட்ட ஞாபகம் எனக்கு அன்று இருந்தது. அது காதில் இறங்கும்போது உள்ளங்கையில் தட்டுகிற சின்ன அதிர்வு கூட நினைவில் இருந்தது. ஒரு வாரத்தில் அது மங்கியது. ஒரு மாதத்தில், பின்னைப் போடாமல் ஸ்பேனரை எடுத்த ஞாபகம் வந்துவிட்டது. கண்ணால் கண்ட மாதிரி வந்தது. வாத்தியார் வீட்டுக்குப் போய், கட்டுப் போட்ட கையோடு நின்று, “நான்தான் சார் மறந்துட்டேன்,” என்று நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

நம் ஊருக்குப் பட்டப்பெயர் வைக்கச் சொல்லியா தர வேண்டும்? டீக்கடையில் யாரோ ‘மறதி’ என்றார்கள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. மறதி மெக்கானிக். மறதி வீடு. என் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போன இடத்தில், “யாரு, நம்ம மறதி மகளா?” என்றுதான் வாங்கினார்கள். மறதி என்று பெயர் எடுத்தவனிடம் யார் எஞ்சினை நம்பிக் கொடுப்பார்கள்? பழைய கார் ஒன்று கூட அதற்கப்புறம் எனக்கு வரவில்லை. கொட்டகையை விட்டேன். வயல்களில் பம்ப்செட் ரிப்பேர் பார்த்துக் காலம் போயிற்று. நானும் என்னை நம்பவில்லை. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆளாக ஆனேன். இன்றைக்கும் மூன்று முறை இழுத்துப் பார்க்கிறேன்.

நீர் மட்டும் ஒரு நாள்கூட என்னை அப்படிக் கூப்பிடவில்லை. ‘சங்கரலிங்கம்’ என்று முழுப்பெயரையும் சொல்வீர். உம் கடையில் ஒருவன் “மறதி அண்ணாச்சி” என்றபோது, “அவருக்குப் பேரு இருக்கு, அதைச் சொல்லும்,” என்று அவன் முகத்தில் அடித்த மாதிரி சொன்னீர். அதற்காக உம் மேல் நான் வைத்த பாசம் கொஞ்சமா? ஊரே கேலி செய்யும்போது ஒருத்தர் இருக்கிறார் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பாசத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

உமது காரியம் முடிந்த மறுவாரம் உம் வீட்டு மதினி லோடு ஆட்டோவில் இந்த ஸ்டாண்டை அனுப்பினாள். தார்ப்பாய் போட்டு மூடியே வைத்திருந்தீராம், யாரையும் தொட விட மாட்டீராம். “சங்கரலிங்கத்துக்கிட்ட கொடு. மேலாப்புல அடிக்க வேண்டாம், அடிவரைக்கும் சுரண்டிட்டு அடிக்கச் சொல்லுன்னு படுக்கையில கிடந்து ரெண்டு மூணு தடவ சொன்னாவ,” என்றாள். சாகிற நேரத்திலும் வேலைச் சுத்தம் பார்க்கிறாரே என்று நினைத்து அழுதேன்.

இன்று அரத்தை எடுத்து அந்த மஞ்சளின் ஓரத்தை இழைத்துப் பார்த்தேன். பித்தளைக்கு அடியில் சாம்பல் நிறத்தில், பொடிப்பொடி ஓட்டையோடு, கரண்டு வெல்டிங்கின் மிச்சம். அதன் நடுவில் உடைந்த கோடு. ஆக, அந்தச் சாம்பல் குவியலில் ஒன்றும் இல்லை. முதலில் கரண்டில் ஒட்டியிருக்கிறீர். அது விட்டுப்போய் என் கை நசுங்கியிருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேஸை மூட்டிப் பித்தளை பிடித்து, சிவப்பு காய நேரமில்லாமல் பச்சையை மட்டும் பூசிவிட்டுக் கஞ்சியோடு வந்திருக்கிறீர். இரண்டாவது முறை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறீர். சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன், அசையவில்லை. உமக்குச் செய்யத் தெரியும் என்பதை நினைத்தால்தான் எனக்கு வயிறெரிகிறது.

ஏன் கரண்டில் வைத்தீர் என்று எனக்குத் தெரியாது. கேஸ் தீர்ந்திருக்கும். சோம்பலாக இருந்திருக்கும். அதை நான் மன்னித்திருப்பேன். “கேஸ் இல்ல வே, கரண்டுல வச்சுட்டேன், போச்சு,” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாள் உம்மை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மூன்றாம் நாள் சேர்ந்து டீ குடித்திருப்பேன். விரலை நீர் வேண்டுமென்று எடுக்கவில்லை. என் ஞாபகத்தை வேண்டுமென்றே எடுத்தீர். வாயில் கஞ்சியை ஊட்டிக்கொண்டே எடுத்தீர். உண்மையைச் சொல்லவும், நான் பதில் கேட்க முடியாத இடத்துக்கு நீர் கிளம்பும்போதுதான் உமக்குத் தைரியம் வந்தது. அதையும் மதினி வாயால், அவளுக்கே புரியாதபடி சொல்லி அனுப்பியிருக்கிறீர்.

இதற்கு மேல் இன்று எழுத ஓடவில்லை.

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஸ்டாண்டை முடித்துவிட்டேன். நீர் சொன்னபடியே அடிவரை சுரண்டி, சிவப்பு ஒரு கை, பச்சை இரண்டு கை. காதுக்கு மட்டும் அடிக்கவில்லை. மஞ்சளும் சாம்பலும் உடைந்த கோடும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். டீக்கடைக்கு உருட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தி, ‘பாரும் வே’ என்று ஒவ்வொருவனையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் ஐந்து நாளும் இருந்தேன். வார்த்தைகளைக் கூடத் தயார் செய்துவிட்டேன்.

அதற்குள் இன்று காலை மதினி பார்க்க வந்தாள். மெலிந்துபோயிருக்கிறாள். ஸ்டாண்டைச் சுற்றி வந்து, தட்டைத் தடவி, “அவிய பாத்தா சந்தோசப்படுவாவ,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காதைப் பார்த்துவிட்டாள்.

“இங்கன மட்டும் ஏன் பெயிண்டு அடிக்கலை?”

தயார் செய்த வார்த்தை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

“மறந்துட்டேன் மதினி.”

“சும்மாவா மறதின்னு பேரு வச்சாவ,” என்று அவள் சிரித்தாள். நீர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்துவைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரஷ்ஷை எடுத்துக் காதின் மேல் பச்சையைப் பூசினேன்.