என் கையில் மட்டும் நிற்கும் கார்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல், நேற்று "ஓட்டத் தெரியலைன்னா விட்டுடு" என்று என் கையிலிருந்து பிடுங்கி வைத்தீர்களே, அங்கேயே இருக்கிறது.

சாயந்திரம் மெக்கானிக் வருவார். "உங்க கையில மட்டும் எப்படிம்மா நின்னுபோகுது?" என்று போன தடவை அவர் கேட்டபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். காரணம் தெரிந்துவிட்டது. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் போகிற பேட்டரி வயர் பாதி அறுந்திருக்கிறது. எனக்குக் கால் எட்டாது, சீட்டை முன்னால் இழுப்பேன். வயரும் இழுபட்டு, ஓடும்போது வண்டி கொஞ்சம் குலுங்கினாலே தொடர்பு விட்டுப்போகும். நீங்கள் இருவரும் ஏறியதுமே சீட்டைப் பின்னால் தள்ளுவீர்கள். வயர் சேர்ந்துகொள்ளும், வண்டி சமர்த்தாக ஓடும்.

அவர் கை வைப்பதற்கு முன் ஒரு தடவை, முழங்கால் இடித்தாலும் பரவாயில்லை, சீட்டை என் இடத்திலேயே வைத்து, நேற்று என்னிடம் நின்றுபோன கடைத்தெரு சிக்னல் வரை நீங்கள் ஓட்டிப் பாருங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: வண்டி நின்றால் கண்ணாடி இறங்காது. ஹாரனும் அடிக்காது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஒட்டி நிற்கும், கதவையும் திறக்க முடியாது. பின்னால் இருப்பவர்கள் திட்டுவது மட்டும் நன்றாகக் கேட்கும்.