ஆடுகளைக் கட்டிப்போட்ட நாள்

தம்பிக்கு,

புள்ளி ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. பால் போதவில்லை. மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்ட பிறகு பால் எங்கிருந்து வரும்?

போன மாதம் நீ தாலுகா அலுவலகத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாய். "அக்கா, நாளைக்கு யாரும் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்ட வேணாம். டாக்டர் வீட்டுக்கே வந்து ஆட்டுக்கு ஊசி போடுவார். எல்லார்கிட்டயும் நீயே சொல்லிடு" என்றாய். இருபத்திரண்டு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னேன். "உன் தம்பி ஆபீஸ் போனதுல நம்ம ஆட்டுக்கும் யோகம்தான்டி" என்று மூலைவீட்டுப் பெரியம்மா சிரித்தார். பொழுது சாயும்வரை காத்திருந்தோம். டாக்டர் வரவில்லை.

நேற்று நானும் பெரியம்மாவும் உன் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது நிலத்தின் கோப்பைக் காட்டினார்கள். அதில் நம் மேய்ச்சல் நிலத்தின் புகைப்படம் இருந்தது. ஓர் ஆடுகூட இல்லை. "யாரும் பயன்படுத்தாத தரிசு, கம்பெனிக்குக் கொடுக்கலாம்" என்று எழுதி, நாங்கள் ஆடுகளைக் கட்டிப்போட்ட அதே தேதி போட்டிருந்தது. கீழே உன் கையெழுத்து.

பெரியம்மா என்னைப் பார்த்து, "நீயும் கூட்டாடி?" என்றார்.

திங்கட்கிழமை நிலத்தைப் பற்றி விசாரணை. அன்றைக்கு ஆடுகள் எங்கே போயின என்று அதிகாரி கேட்பார். உண்மையைச் சொன்னால் நிலம் திரும்பக் கிடைக்கும், உன் வேலை போகும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

காலைப் பேருந்து எட்டரைக்கு. வீட்டுக்கு வர வேண்டாம். நேராக விசாரணைக்கே வந்துவிடு.

இன்னமும் உன்
அக்கா