உன் பதிவில் திருத்த வேண்டிய இரண்டு இடங்கள்

சிட்லபாக்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள ஹர்ஷா,

அப்பாவும் நானும் சுகம். போபாலில் உன் தொண்டைக்கட்டு விட்டு, விடுதிச் சாப்பாடும் ஒருவாறு பழகி, நீயும் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். அப்பாவின் முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைவு, சானடோரியம் ஸ்டேஷன் படிகளை நிற்காமல் ஏறுகிறாராம், அதைத் தினமும் வந்து சொல்கிறார். ஏரிக்கரையில் நான் காலையில் நடக்கிறேன், அனந்தகிருஷ்ணன் சார் எதிரே வந்துவிட்டால் மட்டும் நடை அங்கேயே நின்றுவிடும், அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் உள்ள சுவர் விவகாரம் உனக்குத் தெரியும், நேற்று, “மேடம், ஒரு சின்ன டவுட், கூகிள்ல போட்டா சுவர்ல பாதி எனக்குன்னு வருது, எந்தப் பாதின்னு வர மாட்டேங்குது” என்றார், சிரிக்காமல். நான் வக்கீலாகப் பதில் சொல்வதா சமரசராகப் பதில் சொல்வதா என்று யோசிப்பதற்குள் அவரே இணையத்தில் கண்டுபிடித்த இன்னொரு பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

இணையம் என்றதும் நீ கேட்ட பட்டியல். சமரசப் போட்டிக்குத் தயாராகும் உன் வகுப்புக்கு எந்தத் தளங்கள், எந்த வலைப்பதிவுகள் உதவும் என்று கேட்டிருந்தாய். சட்டத்தின் மூலப் பாடத்துக்கு இந்தியா கோடு தளம், சமரசச் சட்டத்தை அங்கேயே படி, யாரோ சுருக்கி எழுதியதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதே. ஒவ்வொரு பிரிவும் எப்போது அமலுக்கு வந்தது, வந்ததா என்றும் பார், சட்டம் இயற்றிய நாளையும் அமலான நாளையும் ஒன்றாக நினைத்து எழுதுகிற வலைப்பதிவுகள் நிறைய. தீர்ப்புகளைத் தேட இந்தியன் கானூன் போதும், ஆனால் மேற்கோள் காட்டுவதற்கு முன் அந்தந்த நீதிமன்றத்தின் தளத்தில் உள்ள பிரதியோடு ஒப்பிட்டுக்கொள். உச்ச நீதிமன்றத்தின் சமரசத் திட்டக் குழு வெளியிட்ட பயிற்சிக் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது, நடை வறண்டதுதான், ஆனால் கேள்வி கேட்பது பற்றிய பகுதியை நான் இன்றும் வருடத்துக்கு ஒரு முறை படிக்கிறேன். இலவச சட்ட உதவி பற்றி நால்சா தளம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க இ-கோர்ட்ஸ். வெளிநாட்டுச் சமரசர்களின் வலைப்பதிவுகளைப் படி, எப்படி மௌனமாக இருப்பது என்று அவர்கள் நன்றாக எழுதுகிறார்கள், ஆனால் அறைக்குள் இரண்டு பேர்தான் வருவார்கள் என்று நினைத்து எழுதுகிறார்கள், இங்கே மாமனார், சம்பந்தி, மாமனாருக்குத் தெரிந்த கவுன்சிலர் என்று பதினோரு பேர் வருவார்கள், நாற்காலி போடுவதே முதல் சமரசம். ஒரு வலைப்பதிவை நம்பலாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான், எழுதியவர் எங்கேயாவது தோற்றதைச் சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பேன். எல்லா வழக்கும் சுபமாக முடியும் பதிவை மூடிவிடு.

பட்டியலோடு இன்னொன்றும் கேட்டிருந்தாய், நீ தொடங்கியிருக்கும் ஆங்கில வலைப்பதிவை எங்கள் சமரச மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிர முடியுமா என்று. அதற்கு அவசியம் இருக்கவில்லை. நீ கேட்பதற்கு முன்பே எப்சி பகிர்ந்திருந்தாள். எப்சி என்னோடு பயிற்சி எடுத்த வக்கீல், உன்னைப் பார்த்ததில்லை, யார் எழுதியது என்று தெரியாமலே, “சூப்பர் பிளாக், நம்ம ஃபீல்டுக்கு ரொம்ப யூஸ்ஃபுல், லேட்டஸ்ட் போஸ்ட் கண்டிப்பா படிங்க” என்று போட்டிருந்தாள். பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது.

ஓர் அண்ணன், ஒரு தங்கை, அவர்களுடைய அப்பா விட்டுப்போன கையுறை தைக்கும் பட்டறை. பெயர்களை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும், தெரிந்திருக்கக் கூடாது. ஒரு சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே போனில் உன்னிடம் சொன்னது நான்தான். தனி அமர்வில், அதாவது அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தங்கையிடம் மட்டும் பேசியபோது, அந்த அம்மா சொன்னது அது. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த ஆறு வருஷமும் அண்ணன் மஸ்கட்டில், பட்டறையை நடத்தியது இவர். “பங்குகூட வேணாம் மேடம். இந்தப் பட்டறையை நீதான் தூக்கி நிறுத்தினன்னு நாலு பேர் முன்னாடி அண்ணன் வாயால ஒரு வார்த்தை வரட்டும், கையெழுத்து போட்டுடறேன். ஆனா இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. சொல்லிக்குடுத்து வந்தா அது வார்த்தையே இல்ல.” நான் அண்ணனிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னேன். நீ மறைத்துத்தான் எழுதியிருந்தாய், பம்மலை ஆம்பூராக்கினாய், கையுறையைச் செருப்பாக்கினாய், ஆறு வருஷத்தை எட்டு வருஷமாக்கினாய். ஆனால் உன்னைப் பற்றிச் சொல்லும் பக்கத்தில், அம்மா தாம்பரம் பக்கத்தில் சமரசர் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி தெரிந்தவர்களுக்கு ஆம்பூர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க எத்தனை நிமிஷம் ஆகும்.

உன்னை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஆட்டோவிலேயே உன்னைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. நன்றாக எழுதியிருந்தாய், எனக்குப் பெருமையாக இருந்தது, பெயர் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஐந்து நாள் இருந்துவிட்டேன். அதற்குள் அது எங்கள் குழுவிலிருந்து வேறு எந்தெந்தக் குழுக்களுக்குப் போனதோ தெரியாது.

புதன்கிழமை மூன்றாவது அமர்வு. முதல் அமர்வில் இதே அண்ணன், “அவ என்ன பண்ணினா, வந்து உக்காந்து டீ குடிச்சிட்டுப் போவா” என்று சொன்னவர். அன்றைக்கு உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்துத் தங்கைக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய வக்கீல், தங்கையின் வக்கீல், தங்கையின் கணவர், நான், எல்லோரும் இருந்தோம். “எட்டு வருஷம் நீதாம்மா இந்தப் பட்டறையைத் தூக்கி நிறுத்தின. நான் ஊர்ல இல்ல. இத்தனை பேர் முன்னாடி சொல்றேன்” என்றார். அந்த அம்மா, “ஆறுதாண்ணே” என்று சிரித்தார். கணவரைத் திரும்பிப் பார்த்து, “கேட்டுக்கிட்டீங்களா” என்றார். பிறகு மேஜையில் இருந்த உடன்படிக்கை வரைவைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார்.

எட்டு என்பது உலகத்தில் உன் பதிவில் மட்டும் இருக்கும் எண். அது நீ மாற்றிப் போட்ட எண் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், அண்ணனும் அவருடைய வக்கீலும் அதை உண்மை என்று நம்பிப் பதிவிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒரு வழக்கு முடிந்திருக்கும், இரண்டு குடும்பமும் கீழே போய்ச் சேர்ந்து டீ குடித்திருக்கும், என் பெயருக்கு நேரே இன்னொரு தீர்வு ஏறியிருக்கும், உன் பெயர் எங்கேயும் வந்திருக்காது. அந்த அம்மா ஒரு வார்த்தைக்காக விட்டுக்கொடுக்கப் போனது பட்டறையில் தனக்கு வர வேண்டிய பாதி. பேனாவை வையுங்கள் அம்மா, ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். தனி அமர்வில் அவர் சொன்னதை நான் வீட்டில் பேசிவிட்டேன், என் மகள் அதை மாற்றி எழுதி இணையத்தில் போட்டிருக்கிறாள், எட்டு வருஷம் என்பது அவள் போட்ட எண் என்று சொன்னேன். அண்ணன் தன் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.

அண்ணன் மறுக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். “ஆமாங்க, போன்ல காட்டினாங்க, தமிழ்ல சொன்னாங்க. அதுக்காக நான் சொன்னது பொய்யாயிடுமா? மனசுல இருந்ததைத்தான் சொன்னேன்” என்றார். தங்கை குரலை உயர்த்தவே இல்லை. “மனசுல இருந்திருந்தா ஆறுன்னு வந்திருக்கும். எட்டுன்னு எழுதியிருந்துது, எட்டுன்னீங்க. பத்துன்னு எழுதியிருந்தா பத்துன்னிருப்பீங்க.” பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

இனி இந்த வழக்கில் நான் உட்கார முடியாது, வேறு சமரசர் வருவார் என்று சொன்னேன். அது அந்த அம்மாவுக்கு இரண்டாம்பட்சமாக இருந்தது. உன் பதிவைக் காட்டச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் வராது என்பதால் வரி வரியாகத் தமிழில் சொன்னேன், இருபது வருஷத்தில் அவ்வளவு கஷ்டமான மொழிபெயர்ப்பு செய்ததில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார் என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “நான் எப்ப அழுதேன்? நீங்கதானே எதிர்ல இருந்தீங்க, அழுதேனா?” இல்லை என்றேன். அவர் அழவில்லை, ஹர்ஷா. டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொன்னதுதான் எனக்கு ஞாபகம். நானும் உன்னிடம் அழுதார் என்று சொல்லவில்லை, அது நீயாகச் சேர்த்தது.

இன்றைக்கே அதை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுதச் சொன்னதும் அவர்தான், போனில் பேசாமல் காகிதத்தை எடுத்தது இதற்காகத்தான். “எடுக்க வேணாம். எடுத்துட்டா, படிச்சவங்க மனசுல நான் அழுதவளாவே நின்னுடுவேன். நாலு பேர் முன்னாடி சொல்லணும்னு கேட்டேன், உங்க பொண்ணு நானூறு பேருக்குச் சொல்லிட்டா. சொன்னதை ஒழுங்கா சொல்லச் சொல்லுங்க. ஆறு வருஷம். நான் அழல.” என் கருத்து எடுத்துவிடுவதுதான், அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த ரகசியம் என்னுடையது அல்ல, உன்னுடையதும் அல்ல, வழக்கோடு வந்த அண்ணன் தங்கை இருவருடையது. அண்ணனும் சம்மதிக்க வேண்டும் என்றேன். அவர் வண்டிச் சாவியை விரலில் சுற்றினார். வக்கீல் காதில் ஏதோ சொல்லப் போனபோது, “சும்மா இருங்க சார்” என்றார். பிறகு, “போடட்டும். ஆறுன்னே போடட்டும்” என்றார், தங்கையைப் பார்க்காமல். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு திருத்தங்களையும் நான் எழுதினேன், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான்.

நடந்ததை மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். “எதுக்கு மேடம் ரைட்டிங்ல? வாயால சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன், விடுங்க” என்றார் அவர், நல்ல மனிதர். விடவில்லை. தகவல் என்னிடமிருந்து என் மகளுக்குப் போனது என்று எழுதியிருக்கிறேன், உன் பெயரும் அதில் இருக்கிறது, உன்னைக் கேட்காமல் எழுதினேன். சமரசர் பட்டியலில் என் பெயர் இருக்குமா என்று அவர்கள் முடிவு செய்யும் வரை எனக்கு வழக்குகள் கிடையாது. அப்பாவுக்கு இதில் என்மேல்தான் வருத்தம், “வீட்ல சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவாங்க” என்கிறார், எல்லாச் சமரசர்களின் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அந்த வழக்கு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. வழக்கு எண் மனப்பாடம், தேடிப் பார்க்கவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த இரண்டு இடங்களைத் திருத்து, வேறு ஒரு எழுத்தையும் தொடாதே. ஏன் திருத்தினாய் என்று கீழே குறிப்பு போடாதே, அது அடுத்த ரகசியமாகிவிடும். மன்னிப்புக் கேட்டு அந்த அம்மாவுக்கு எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றும், அவர் கேட்கவில்லை, அதனால் எழுதாதே. நம் வீட்டில் இனி நான் வழக்குகளைப் பேசப் போவதில்லை, உன்னோடு பேச வேறு என்ன இருக்கிறது என்று புதன்கிழமையிலிருந்து யோசிக்கிறேன், இருக்கத்தான் செய்யும். எழுதுவதை நிறுத்தாதே, உனக்கு அது வருகிறது. உன் பழைய கண்ணாடிச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், புது லென்ஸ் போடும்போது காட்டு. நல்ல புத்தியும் நல்ல உடம்புமாக இரு, உன் காரியங்களெல்லாம் நேர்வழியில் கைகூடட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும்.

மறந்துவிடாதே, திருத்தியதும் அச்செடுத்து எனக்கு அனுப்பு. தமிழில் எழுதி அந்த அம்மா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் சரி.

இப்படிக்கு
உன் அம்மா
சுப்ரஜா