எட்டாவது நொடி

நவம்பர் 7, செவ்வாய்

டைமர் செத்துவிட்டது. டங்கன் வீட்டு நிலவறையில் பதினோரு வருடம் எங்களை ஆட்டிவைத்தது, இன்று என் மூன்றாவது சுற்றின் நடுவில் வாயை மூடிக்கொண்டது. பாறை ஏறுவதற்காக விரலுக்கு வலு ஏற்றும் விரல்பலகையில் நான்கு விரலால் தொங்கிக்கொண்டிருந்தேன். ஏழு நொடி தொங்கல், மூன்று நொடி ஓய்வு, ஆறு தடவை சேர்ந்தால் ஒரு சுற்று. ஒலி வரும், இதோ வரும் என்று தொங்கி, கடைசியில் பொத்தென்று மெத்தையில் விழுந்தேன்.

“அடக்கம் பண்ணிர வேண்டியதுதான்,” என்றான் டங்கன். “புதுசா ஒண்ணு பாரும்மா. கடிகாரம் எப்பவும் உன் பொறுப்புதானே.”

ஆமாம், என் பொறுப்புதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “பிரயோனிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ,” என்றான்.

வந்து இரண்டு மாதம் ஆகாதவளிடம் நான் எதற்குக் கேட்க வேண்டும்?

நவம்பர் 11, சனி

கேட்டேன். நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவள், வயது இருபத்து நான்கு. “எனக்கு டைமரே வேணாங்க ஹெட்டி. நாள் முழுக்க நொடி எண்றதுதானே என் பொழப்பு. போன்ல ஒரு செயலி போட்டா போதாதா?” என்றாள்.

பீற்றல்.

போனையும் பார்த்தாயிற்று. வழுக்காமலிருக்க வெள்ளைப்பொடி பூசிய விரலுக்கு அதன் திரை அசைவதில்லை. இரண்டாவது சுற்றில் அம்மா வேறு கூப்பிட்டுவிட்டாள். குத்துச்சண்டைக்காரர்களின் மணியை இரவல் வாங்கி அடித்துப் பார்த்தோம். டங்கனின் மனைவி மொய்ரா மாடிப்படியில் நின்று, “தீயணைப்பு வண்டியே வந்துருச்சோன்னு பயந்துட்டேன்! எடுத்துக்கிட்டுப் போங்கடா அதை!” என்று கத்தினாள். மணிக்கட்டில் கட்டினால் அதிருமே, அது? தொங்கும்போது உடம்பே அதிர்கிறது, இதில் எது டைமர், எது நான்?

கடைசியில் தீப்பெட்டி அளவில் ஒன்று கிடைத்தது. பலகையின் ஓரத்தில் கவ்விக்கொள்ளும். எத்தனையாவது தொங்கல் என்று மட்டும் காட்டும், நொடி காட்டாது, ஒலிதான். மூன்று பேருக்கு மூன்று கணக்கைத் தனித்தனியாக ஏற்றிப் பூட்டி வைக்கலாம். நான் தேர்ந்தெடுத்தது.

நவம்பர் 16, வியாழன்

ஒன்றாம் எண் டங்கனுக்கு, இரண்டு எனக்கு, மூன்று அவளுக்கு. எல்லோருக்கும் ஏழும் மூன்றும்.

இடுப்பில் பத்துக் கிலோ கட்டிக்கொண்டு ஆறு தொங்கலையும் முடித்தாள். நான் இத்தனை வருடத்துக்குப் பிறகு ஆறு கிலோவில் நிற்கிறேன். “அடி சக்கை!” என்றான் டங்கன். பதினோரு வருடத்தில் எனக்கு அவன் வாயிலிருந்து வந்த உச்சபட்சப் பாராட்டு “பரவால்ல.”

நவம்பர் 19, ஞாயிறு

மூவரும் மேட்டுப் பாறைக்குப் போனோம். ‘மாமியார்’ என்று அதற்குப் பெயர் வைத்தவன் புண்ணியவான். வயிற்றைத் துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் இடது கைக்கு ஒரு நகக்கண் அகலப் பிடி. அதில் தொங்கி மேலே எட்ட வேண்டும், அவ்வளவுதான். நான்கு குளிர்காலமாக அந்த அவ்வளவுதானில் விழுந்துகொண்டிருக்கிறேன். மார்ச் வந்தால் பாறை வியர்த்துவிடும், அந்த வருடம் போச்சு. இந்த வருடம் விடுவதாக இல்லை. எனக்கு நாற்பத்து மூன்று. இன்னும் எத்தனை குளிர்காலம் என் விரல்களுக்கு இருக்கிறது?

“நான் ஒரு தடவ தொட்டுப் பாக்கவா?” என்றாள் பிரயோனி.

மூன்றாவது முயற்சியில் அந்தப் பிடியைப் பிடித்துவிட்டாள். அதைத் தொட எனக்கு இரண்டு வருடம் ஆனது. விழுந்தால் தாங்க, டங்கன் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். எனக்கு நிற்கிற அதே நிற்பு.

வயிறு எரிகிறது. எழுதினாலும் அடங்கவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

அரை மணி முன்னால் போனேன். மொய்ரா கதவைத் திறந்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். மூன்றாம் எண்ணைத் திறந்தேன். ஏழை எட்டாக்கினேன். பூட்டினேன்.

ஒரு நொடிதானே.

நவம்பர் 23, வியாழன்

ஐந்தாவது தொங்கலில் விழுந்தாள்! செவ்வாயும் அங்கேதான் விழுந்தாள். “எனக்கு என்னமோ ஆயிருச்சு,” என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டங்கன் இரண்டு கிலோவைக் குறைக்கச் சொன்னான். நான் என் ஆறையும் அழகாக முடித்தேன்.

வீட்டுக்கு வந்து பட்டாணி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன். இவ்வளவு ருசியாக நான் எப்போது சமைத்தேன்?

நவம்பர் 30, வியாழன்

மறுபடி ஐந்தாவது. டைமரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“புது டைமர் ரொம்பக் கறாரா இருக்கே.”

“டைமருக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு யாரும் கெடையாது,” என்றேன். டங்கன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

டிசம்பர் 14, வியாழன்

ஐந்தாவதைப் பிடித்துவிட்டாள்.

ஜனவரி 9, செவ்வாய்

அவளுடைய மோதிர விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

டங்கனுக்கு ஒருமுறை விரல் தசைநார் அறுந்த சத்தம் அறைக்கு அந்தப்பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. எட்டு மாதம் அவனால் ஜாடி மூடிகூடத் திறக்க முடியவில்லை. அதை நான் ஒரு சின்னப் பெண்ணுக்குச் செய்துவிட்டேனா? ஒரு பாறைக்காகவா? அவள் உடைமாற்றப் போன நேரத்தில் டைமரைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். ஏழாக்க வேண்டும், உடனே.

அப்போது டங்கன் தேநீர்த் தட்டோடு இறங்கி வந்தான். “இது பிரயோனிக்கு. ரெண்டு சர்க்கரை, பால் கொஞ்சம் தூக்கலா.” என் கோப்பையிலும் பால் ஊற்றியிருந்தான். நான் பால் சேர்ப்பதில்லை. பதினோரு வருஷமா சேக்கிறதில்ல. ஒரு நாளாவது ஞாபகம் இருந்ததா அவனுக்கு?

டைமரைத் திரும்ப மாட்டிவிட்டேன். அப்படியே.

நானெல்லாம் என்ன மனுஷி?

ஜனவரி 11, வியாழன்

நார் அறுபடவில்லை. குளத்து ஓடு கிழித்த வெறும் தோல் காயம். காரில் போய் உட்கார்ந்து அழுதேன், நிம்மதியில்தான். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி வந்தேன். அப்போதும் எட்டை ஏழாக்கவில்லை.

ஜனவரி 25, வியாழன்

பன்னிரண்டு கிலோ. ஆறும் முடித்தாள். மூச்சுகூட வாங்கவில்லை.

இன்றைக்குத்தான் மரமண்டைக்கு உறைத்தது. ஒரு சுற்றுக்கு ஆறு நொடி, ஒரு நாளைக்கு ஆறு சுற்று, இரண்டு மாதம். அவள் காலை வாரிவிடுவதாக நினைத்து நானே அவளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இனி மாற்றினால் அவளுக்கு இன்னும் லேசு. மாற்றாவிட்டால் இன்னும் பலம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஏறிவிட்டாள்.

இரண்டு டிகிரி, காற்று, பாறை காய்ந்த ரொட்டி போல மொறமொறப்பாக இருந்தது. இந்த மாதிரி நாள் வருடத்தில் நான்கு வந்தால் அதிகம். முதலில் நான் முயன்றேன். இடது கை பிடித்தது, எட்டினேன், விழுந்தேன். பிறகு அவள் போனாள். அந்தப் பிடியில் அவள் தொங்கியபோது என்னையறியாமல் எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. நான் விழுகிற இடம். அவள் எட்டில் கையை நகர்த்தினாள்.

மேலே போனதும் கத்தினாள்: “ஹெட்டி! மேல வாளி மாதிரி ஒரு பிடி இருக்கு! அந்த ஒண்ணத் தாண்டிட்டீங்கன்னா போதும்!” மேலே என்ன இருக்கிறது என்று நாலு வருஷமா எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்கிறாள்.

டங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் கை தட்டினேன். நாலு குளிர்காலம். நாலு. அவ வந்து ஆறு மாசம் ஆகல.

பிப்ரவரி 13, செவ்வாய்

முன்னதாகப் போய் மூன்றாம் எண்ணை ஏழாக்கினேன்.

பிரயோனி முதல் தொங்கல் முடிந்து இறங்கியதும் தலையைச் சாய்த்து டைமரைப் பார்த்தாள்.

“என்ன, சரியாத்தானே இருக்கு?” என்றேன்.

“இப்ப சரியா இருக்கு,” என்றாள்.

மார்ச் 2, சனி

பிறந்தநாள். வெளியே தூறல். பாறை வியர்க்கத் தொடங்கியிருக்கும். என்னால் முடியவில்லை, இந்த வருடமும்.

தபாலில் ஒரு சின்னப் பெட்டி. அதே தீப்பெட்டி அளவு டைமர். கூடவே ஒரு அட்டை: ‘ஹெட்டிக்கு. மூணாம் நம்பரைப் போடுங்க. எனக்கு அதுதான் வேலை செஞ்சுது. அன்புடன், பிரயோனி.’

சமையலறை நிலைக்கு மேலே இருக்கும் என் பழைய பலகையில் தொங்கினேன். வாய்விட்டு எண்ணினேன். ஏழு. ஒலி வரவில்லை. வராது என்று ஆறிலேயே தெரிந்துவிட்டது. நாள் முழுக்க நொடி எண்ணுகிறவள். அன்றே சொன்னாளே, பீற்றல் என்று இதே நோட்டில் எழுதினேனே.

எட்டில் ஒலித்தது.

மார்ச் 5, செவ்வாய்

போகாமல் இருந்துவிடலாம் என்று மூன்று தடவை காலணியைக் கழற்றினேன். பிறகு போனேன். டங்கன் மேலே தேநீர் போட்டுக்கொண்டிருந்தான்.

“பிரயோனி, நான் உன்கிட்ட ஒண்ணு—”

“மொதல்ல தொங்குங்க,” என்றாள்.

என் இரண்டாம் எண்ணை அவள் பார்க்கவே எட்டாக்கினேன். ஐந்தாவது தொங்கலில் விழுந்தேன். அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். பொடி படிந்த கை, சொரசொரப்பு.

“எனக்கும் அஞ்சாவதுதான் போச்சு,” என்றாள். “மூணு வாரம் ஆகும். ரெண்டு கிலோ கொறைங்க.”

குறைத்தேன்.