பொருத்தனைக்குப் போன நானோ

2024 அக்டோபர் 3, வியாழன்

வயிற்றில் எடுத்தது சாதாரணக் கட்டிதானாம். ரிப்போர்ட் வந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். கார் ஓட்டலாமா என்று கேட்டேன். "என்ன கார்?" என்றார். நானோ என்றதும் சிரித்தார். சிரிக்கட்டும். பதிமூன்று வருஷமாக ஊரே சிரித்துப் பார்த்தாயிற்று.

ஸ்தோத்திரம் ஆண்டவரே. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் எபிசன் குண்டைத் தூக்கிப் போட்டார். ஆபரேஷன் அன்று வெளியே உட்கார்ந்து ஆண்டவருக்கு நேர்ந்து பொருத்தனை பண்ணினாராம். நான் பிழைத்து வந்தால் காரை ஆலயத்துக்குக் கொடுப்பதாக. அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலை, கோழியோடு அதையும் ஏலத்துக்கு வைக்க வேண்டுமாம்.

"அது எனக்க வண்டி. நேரணும்னா ஒங்க பைக்க நேரப்பிடாதா?"

மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொல்கிறார்: "பைக்குக்கு ஒன்னத் திருப்பித் தருவாரான்னு எனக்கு ஒறப்பில்லாம இருந்து, ரெஜி."

எழுந்துபோய்க் கை கழுவினேன்.

அக்டோபர் 9, புதன்

அவரோடு பேசவில்லை. இன்றும்.

அக்டோபர் 20, ஞாயிறு

கோபம் ஆறவில்லை. எனக்கு இது வெறும் வண்டியா? நான் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். இராஜாக்கமங்கலத்திலிருந்து வடசேரி போய், பஸ் மாறி, மலையேற வேண்டும். பஸ்ஸை நம்பியிருந்த காலத்தில் பாதி நாள் நேரம் தப்பிப் போய்த் திட்டு வாங்கினேன். இந்த வயிற்றோடு இனி அப்படி அலைய முடியாது. வண்டி போனால் வேலையும் போகும்.

பைக்கில் நாலு பேராய் நெருக்கிப் போகிற குடும்பங்களுக்காக, ஒரு லட்ச ரூபாயில் கார் வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. அதை நம்பி 2011-இல் என் சம்பளத்தில் எடுத்தேன், மஞ்சள் கலர். எஞ்சின் பின்சீட்டுக்கு அடியில். பெட்ரோல் ஊற்றுவது முன்னால். சக்கரத்துக்கு மூன்றே நட்டு. "மழ நனையாத ஆட்டோ" என்றார்கள்.

ஆனால் விலை குறைந்த வண்டி என்பதால்தானே தெருப் பெண்களெல்லாம் பயமில்லாமல் அதில் ஓட்டப் படித்தார்கள்? புருஷன்மார் தங்கள் காரைத் தொட விடவில்லை. நான் விட்டேன். முன்பம்பர் நசுங்கியது, அடுத்த வீட்டுத் தங்கபாய் ஓட்டிப்போய் ஆலயச் சுவரில் இடித்தது. இடது கதவு நெளிந்தது ரெஜிஷா ஓட்டிப் படித்தபோது. எதையும் நான் நிமிர்த்தவில்லை. 2018-இல் கம்பெனி இந்த வண்டி செய்வதையே நிறுத்தியது. எங்கள் தெருவில் படிப்பு நிற்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ரெஜிஷாவின் புருஷன் டெனிஷ் வந்தான். பழைய கார் வாங்கிப் பிரித்து விற்கிறவன். பின்சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தான். "பார்ட்ஸுக்கு நல்ல வெல போவும்," என்றான். சீட்டை நானே இறக்கி மூடினேன்.

ஆலயத்துப் போதகர் ஐயரிடம் போனேன். "நீங்க வேண்டாம்னா வைக்கண்டாம்மா, ஒங்க பேர்ல உள்ள வண்டியில்லா," என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் எபிசன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதிருப்பாரே... நான் உயிரோடுதானே இருக்கிறேன்?

"வையுங்க ஐயரே" என்று சொல்லிவிட்டு வந்தேன். எபிசனிடமும் பேசிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பண்டிகை. காரை நானே கழுவி ஓட்டிக்கொண்டு போனேன். ஆலய முற்றத்தில் செவ்வாழைக் குலைக்கும் சேவலுக்கும் நடுவே நின்றது, பாவம்.

ஏலம் விட்டது ஞானசிங் அண்ணன். நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு வியாபாரி விலை கேட்டான். டெனிஷ் ஏற்றினான். மறுபடி அவன், மறுபடி டெனிஷ். கடைசியில் அந்த ஆள் கையை உதறிவிட்டுப் போனான். டெனிஷுக்கே விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாளைக்கே பிரித்துவிடுவானே.

டெனிஷ் பணத்தைக் கட்டினான். "அண்ணே, திரும்பவும் ஏலத்துக்கு வையுங்க," என்றான்.

குலையையும் கோழியையும் ஏலத்தில் எடுத்தவர் அப்படி ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பது வழக்கம்தான். காரை யார் கொடுப்பார்?

ஞானசிங் அண்ணன் கூவினார். ஒருவரும் விலை கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். தங்கபாய் என் இடுப்பில் இடித்தாள்: "கேளுட்டி."

சேவல் என்ன விலைக்குப் போனதோ அதைச் சொன்னேன். மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார்.

டெனிஷ் சாவியைக் கொண்டுவந்தான். "எனக்க பைசா இல்லக்கா. ஒங்ககிட்ட ஓட்டப் படிச்ச பொம்பளையள் எல்லாரும் சேந்து போட்டது. வெல தெரிஞ்ச நான் நின்னா வெளியாளு ரொம்ப ஏத்தமாட்டான்னு என்ன நிறுத்தினாளுவ."

பின்னால் நின்ற ரெஜிஷா, "படிப்பிச்சதுக்கு நீங்க ஒண்ணும் வாங்கல்லல்லாக்கா," என்றாள்.

முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லை.

நவம்பர் 25, திங்கள்

வேலைக்குப் போனேன். முதல் நாள் என்று எபிசனும் கூட வந்தார். மலையேறும்போது சொன்னேன்: "இனி எனக்கு என்ன வந்தாலும் பைக்க நேருங்க. கேட்டியளா?"

எபிசன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "பைக்க நேர்ந்தா ஒருத்தரும் திருப்பித் தரமாட்டாவ, ரெஜி. அதுல நான் ஆரையும் ஓட்டப் படிப்பிச்சதில்லையே."

தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். வண்டியை ரப்பர் மரங்களுக்கு ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.