இலை மேல் நாலு முட்டை

12-10-1991
என்ன நோட்டே, சௌக்கியமா? நாலாவதோடு நின்றவன் கையில் மாட்டிக்கொண்டாய். பறவைகளை ஆராயும் வேதசிரோமணி சார் உன்னைக் கொடுத்தார். தாமரை இலைமேல் முட்டையிட்டிருக்கும் நீளவால் பறவையைத் தினமும் பார்த்து எழுதவேண்டும். பள்ளிக்கரணையில் கோரை அறுப்பவன்தானே நான்.
இன்று நாலு. செம்புச் சொம்பு நிறம். சொம்பு என்றதும் ஞாபகம் - தனக்கோடி என்னை விட்டு வேறொருவனோடு போன அன்று கல்யாணச் சொம்பை எடுத்துக்கொண்டாள். இரண்டு வயசுப் பாப்பாவை விட்டுவிட்டாள். பேச்சு எங்கேயோ போகிறது.

15-10
நாலு. "பெட்டை முட்டை போட்டுட்டு அடுத்த சேவல்கிட்ட போயிடும், பொன்னுரங்கம். அடைகாத்து வளர்க்கிறது சேவல்தான்" என்றார் சார்.
"அப்ப நம்ம கேஸுதான் சார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

19-10
நாலு. காட்டாங்குளத்தூரிலிருந்து அஞ்சம்மாள் அக்கா வந்தாள். "ஆம்பள இன்னாடா புள்ள வளப்பே? தலையப் பாரு, ஒரே சிக்கு. நான் இட்டுகினு போறேன்." தீபாவளிக்குள் முடிவு சொல்லவேண்டுமாம்.

20-10
நாலு.

23-10
பாப்பாவுக்கு நெஞ்சுச்சளி, காய்ச்சல். எங்களில் ஏரிப்பறவை ரசம்தான் இதற்கு மருந்து. மழையில் மற்றவையெல்லாம் பறந்துவிட்டன. முட்டைமேல் உட்கார்ந்திருந்தது மட்டும் பறக்கவில்லை. சேவல்தானே, போனால் பெட்டை வந்து உட்காராதா? பெத்தவளாச்சே!
கண்ணி வைத்தேன்.

24-10
நாலு. பாப்பா வேர்த்து எழுந்தாள். பெட்டை வந்தது. பார்த்தது. போய்விட்டது.

25-10
நாலு. தொட்டேன். சில்லென்று.

27-10
ஒன்று. காக்கா.

28-10
இல்லை.
"நான்தான் சார் புடிச்சேன். பெட்ட வந்து குந்தும்னு நெனச்சேன்."
சார் காலி இலையைக் காட்டினார். "அதுங்களுக்கு அப்பா ஒருத்தன்தான் இருந்தான், பொன்னுரங்கம்." திட்டியிருந்தால் தேவலை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

4-11
நாளைக்குத் தீபாவளி. அக்கா பையோடு வந்தாள். "துணிய எடுத்து வையி."
"தர மாட்டேங்க்கா."
"காய்ச்சல்ல சாவ வுட்டுடுவே!"
"புள்ளைக்கு நான் மட்டுந்தான் கீறேன்க்கா. நானும் வுட்டுட்டா?"
இனி என் வூட்டு வாசப்படி மிதிக்காதே என்று போய்விட்டாள். எனக்கென்று இருந்த ஒரே கூடப்பிறந்தவள்.
பாப்பாவை மடியில் வைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு மயிராய்ச் சிக்கெடுத்தேன். மத்தியானமே அதில் போய்விட்டது. எண்ண ஒன்றுமில்லை என்று தெரிந்தும் சாயங்காலம் ஏரிக்குப் போனேன். அந்த இலை அப்படியே கிடக்கிறது. அதன்மேல் மழைத்தண்ணீர் மட்டும் - இதோ, பாப்பா "யப்பா... யப்பா" என்கிறாள், நான் போய்