கதவுக்குப் பின்னால் ஒரு சாண் வெள்ளை

மச்சான்,

இன்றைக்கு இங்கே கால்சாப் பகுதியில் ஒரு இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டில் வெள்ளைப் பெயின்ற் வாளியைத் திறந்தேன். அந்த வாடை ஏறியதும் நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். விசரன்தான் நான். நீ செத்துப் போய் இரண்டு வருஷம்.

உன் வேலைப் பழக்கம் எனக்கு எவ்வளவு எரிச்சல். நிறம் பார்க்கக் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் பூசிவிட்டு, அது காயும்வரை கோப்பி குடித்துக்கொண்டிருப்பாய். அவசரப்படுத்தினால், "ஈரத்திலை எல்லாம் வடிவாத்தான் தெரியும். காய விடு" என்பாய்.

இந்த வெள்ளையை எங்கள் மன்னார்க் கறுப்பு மணல் மாதிரி மணலில் இருந்துதான் எடுக்கிறார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. சண்டைக் காலத்தில் அந்த மணலை ஒருவரும் தேடி வரவில்லை. நாங்கள் ஓடினோம், மணல் கிடந்தது. கண்ணிவெடி எடுத்து முடித்த கையோடு மணல் தோண்டுகிற கொம்பனி வந்தது. காணிக்காரரில் பாதிப்பேர் வெளிநாட்டில். ஊரில் எதிர்த்துக் கேட்க ஆளில்லாதது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

கொம்பனியிடமிருந்து உனக்கு வந்த கடிதத்தைப் பூசை முடிந்து வரும்போது இங்கே சீசாப் பகுதி பஸ் தரிப்பில் நீட்டினாய். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற திமிர். இரண்டு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தேன்.

"உன்ரை காணியிலை துளை போட்டுப் பாக்க மட்டும்தான் கேக்கிறாங்கள். ஊர்ப் பிள்ளையளுக்கு வேலையும் வரும். வை கையெழுத்தை."

"வடிவா வாசிச்சனியோ?"

"ஓம், ஓம்."

பஸ் வந்துகொண்டிருந்தது. என் முதுகில் கடதாசியை வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாய். சுவருக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்கிற நீ, என்னை நம்பி அன்றைக்குப் பொறுக்கவில்லை.

நான் வாசிக்காத மூன்றாம் பக்கத்தில்தான் தோண்டுவதற்கான சம்மதம் இருந்தது. பனைகள் சரிந்தன. உன் அக்காவின் நல்ல தண்ணிக் கிணறு உப்புக் கரித்துச் சவராகியது. கேட்கப் போனவளுக்குக் கொம்பனிக்காரர் உன் கையெழுத்தைக் காட்டினார்களாம். நீ என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாமடா.

போன கிழமை எனக்கும் அதே கடிதம் வந்தது. உன் காணியோடு ஒட்டின என் துண்டைக் கேட்கிறார்கள். உன் அக்கா இப்போது என் கிணற்றில்தான் அள்ளுகிறா. என் தம்பி நாளாந்தம் போன் எடுக்கிறான்: "எல்லாரும் போட்டிட்டினம் அண்ணை, நீங்களும் போட்டு அனுப்புங்கோ."

இன்றைக்கு நானும் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் பூசினேன். அது காயுமட்டும் இருந்து மூன்று பக்கத்தையும் சொல் விடாமல் வாசித்தேன். பிறகு தம்பிக்கு எடுத்து, "நான் கையெழுத்துப் போடமாட்டன்" என்றேன். அவன் கோபத்தில் போனை வைத்துவிட்டான்.

நாளைக்கும் உன் அக்கா தண்ணி அள்ளுவா. உன் பேனை அழுத்தின இடம் என் முதுகில் இன்னும் குத்துகிறது மச்சான்.